முதல் டெஸ்டுக்கும் இரண்டாவது டெஸ்டுக்கும் நடுவே 1,946 நாள்: பேட் கம்மின்ஸ், ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு வேகப்பந்து வீச்சாளர் தன் முதல் டெஸ்டிலேயே ஒரு இன்னிங்ஸில் ஆறு விக்கெட் எடுத்து, ஆட்ட நாயகன் விருதையும் வாங்கிவிட்டால், அடுத்த டெஸ்ட் அவருக்கு இரண்டொரு வாரத்தில் வந்துவிடும். ஆஸ்திரேலியாவின் பேட் கம்மின்ஸுக்கு 1,946 நாள் ஆனது. முதல் டெஸ்ட் 2011 நவம்பர் 17 அன்று ஜோஹன்னஸ்பர்க்கில் தொடங்கியது, இரண்டாவது 2017 மார்ச் 16 அன்று ராஞ்சியில். நடுவில் ஐந்து வருடம் நாலு மாதம். இந்தக் காலத்தில் அவருக்கு ஃபார்ம் போகவில்லை, தேர்வாளர்கள் அவரை மறக்கவும் இல்லை. கீழ் முதுகில் ஒரு சின்ன எலும்பு விரிவதும் ஆறுவதும் மறுபடி விரிவதுமாக இருந்தது, அவ்வளவுதான்.

கம்மின்ஸைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "பொறுமைக்குக் கிடைத்த பரிசு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. அந்த ஐந்து வருடத்தை வரிசையாக எடுத்துப் பார்த்தால் வேறொரு விஷயம் தெரிகிறது: பதினெட்டு வயதில் கைக்கு இருந்த வேகத்தை முதுகெலும்பால் தாங்க முடியவில்லை, அந்த எலும்பு வயதுக்கு வரும்வரை நீண்ட ஆட்டங்களிலிருந்து அவரை விலக்கி வைத்ததுதான் அவரைக் காப்பாற்றியது. ஆனால் இது முதல் நாளிலேயே போட்ட திட்டம் இல்லை. எலும்பு மறுபடி மறுபடி உடைந்த பிறகு கற்றுக்கொண்டது. அப்புறம் கடைசிப் படியில் அந்தத் திட்டத்தையும் மீறி ஒரு சூதாட்டம் ஆடினார்கள். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் கம்மின்ஸ் எப்படி வந்தார் என்று புரிந்துகொள்ள முடியாது.

முதலில் அவருடைய ஒரு விரலைப் பற்றி. 1993 மே 8 அன்று சிட்னியில் பிறந்தவர், வளர்ந்தது நகரத்துக்கு மேற்கே ப்ளூ மவுண்டன்ஸ் பக்கம் மவுண்ட் ரிவர்வியூ என்ற இடத்தில். சின்னக் குழந்தையாக இருந்தபோது அக்கா தெரியாமல் கதவைச் சாத்த, வலது கை நடுவிரலின் நுனி துண்டாகிப் போய்விட்டது. பந்து வீசும் கை அது. வேகப்பந்து வீசுபவர்கள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பந்தின் தையலுக்கு இரண்டு பக்கமும் வைத்துப் பிடிப்பார்கள், பந்து கையை விட்டுப் போகும்போது கடைசியாகத் தொடுவது இந்த இரண்டு விரல்தான். நம் எல்லோருக்கும் நடுவிரல் கொஞ்சம் நீளம். அவருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நீளம். தையல் நேராக நிற்க இது உதவுகிறதா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அவர் பந்து வீசுவதை மெதுவோட்டத்தில் எப்போது பார்த்தாலும் என் கண் அந்த விரலுக்குத்தான் போகும்.

பதினேழு வயதில் நியூ சவுத் வேல்ஸ் அணிக்கு வந்துவிட்டார். முதலில் டி20 ஆட்டங்கள், பிறகு 2011 மார்ச்சில் ஷெஃபீல்டு ஷீல்டு, அதாவது ஆஸ்திரேலிய மாநில அணிகள் மோதும், பல நாள் நீளும் முதல்தரப் போட்டி. இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவருடைய மூன்றாவது முதல்தர ஆட்டமே ஷீல்டு இறுதிப் போட்டி, ஹோபார்ட்டில் டாஸ்மேனியாவுக்கு எதிராக. அந்த ஒரு ஆட்டத்தில் மட்டும் நாற்பது ஓவருக்கு மேல் வீசினார். அதற்கு முன்னால் பள்ளிப் பையனாக, கிளப் ஆட்டக்காரராக இருந்தவர். பதினேழு வயதுப் பையன் ஐந்து நாள் ஆட்டத்தில் 240 பந்துக்கு மேல் வேகமாக வீசுவது என்பது, பார்க்கிறவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும், முதுகுக்கு அது வேறு கணக்கு. அதே வருடம் ஜூனில் ஆஸ்திரேலிய வாரியத்தின் ஒப்பந்தம் கிடைத்தது. அக்டோபரில் தென்னாப்பிரிக்காவில் டி20, ஒருநாள் ஆட்டங்களில் அறிமுகம்.

வாண்டரர்ஸ்

அந்தத் தொடரில் மொத்தமே இரண்டு டெஸ்ட். கேப் டவுனில் நடந்த முதல் டெஸ்டில் ஆஸ்திரேலியா 47 ரன்னுக்குச் சுருண்டது. ஒரே நாளில் 23 விக்கெட் விழுந்த அந்த வியாழக்கிழமையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்து ஜோஹன்னஸ்பர்க்கின் வாண்டரர்ஸ் மைதானம். வேகப்பந்து வீச்சாளர் ரயான் ஹாரிஸ் காயத்தால் ஆட முடியவில்லை, அந்த இடத்தில் 18 வயது 193 நாள் ஆன கம்மின்ஸை இறக்கினார்கள். இது அவருக்கு நாலாவது முதல்தர ஆட்டம்தான். ஆஸ்திரேலியாவுக்காக இயன் கிரெய்க் தவிர இவ்வளவு சின்ன வயதில் வேறு யாரும் டெஸ்ட் ஆடியதில்லை.

முதல் இன்னிங்ஸில் ஒரு விக்கெட். இரண்டாவது இன்னிங்ஸில் 79 ரன் கொடுத்து ஆறு. வெற்றிக்கு 310 தேவை, எட்டு விக்கெட் போய்விட்டது, மிட்செல் ஜான்சன் ஒரு பக்கம் நிற்க, இந்தப் பையன் மறுபக்கம் வந்து பயமே இல்லாமல் அடித்து, இம்ரான் தாஹிரின் பந்தில் பவுண்டரி விளாசி ஆட்டத்தை முடித்தார். அன்றைக்கு அதை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது, அடுத்த பத்து வருடத்துக்கு இவர்தான் என்று. எனக்கும் இருக்கவில்லை.

ஆட்டம் முடியும்போதே பாதத்தில் வலி. ஏதோ சாதாரண அடி என்று நினைத்தது எலும்புக் காயமாக மாறி, சொந்த நாட்டில் வருடக் கடைசியில் தொடங்கும் அந்தக் கோடைத் தொடர்கள் முழுக்க அவர் வெளியே உட்கார்ந்தார். 2012 நடுவில் இங்கிலாந்தில் ஒருநாள் தொடரின்போது விலாத் தசையில் காயம். அந்த வருடம் செப்டம்பர், அக்டோபரில் இலங்கையில் டி20 உலகக் கோப்பை ஆடினார், அங்கிருந்து நேராகச் சாம்பியன்ஸ் லீகுக்குப் போய் சிட்னி சிக்சர்ஸோடு கோப்பையையும் வென்றார். நவம்பரில் ஸ்கேன் எடுத்தபோது கீழ் முதுகில் ஸ்ட்ரெஸ் பிராக்சர். ஒரு கோடைக்காலம் மறுபடி போனது. 2013 ஆகஸ்டில் ஆஸ்திரேலியா ஏ அணியோடு தென்னாப்பிரிக்கா போனவருக்கு அதே வலி திரும்பியது. இன்னொரு கோடையும் போனது. 2015 செப்டம்பரில் இங்கிலாந்தில் மறுபடியும்.

முதுகில் என்ன நடக்கிறது

ஸ்ட்ரெஸ் பிராக்சர் என்றால் விழுந்து அடிபட்டு உடைவது இல்லை. ஒரு கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் முதலில் அந்த இடம் வெளுக்கும், அப்புறம் மயிரிழை போல ஒரு கோடு விழும், அதற்குப் பிறகும் வளைத்தால் ஒடியும். வேகப்பந்து வீசுபவரின் கீழ் முதுகில் நடப்பதும் இதுதான். ஓடி வந்து, குதித்து, முன்காலைக் கிரீஸில் ஊன்றும் அந்த நொடியில் உடல் எடையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் விசை கால் வழியாக மேலே ஏறுகிறது. அதே நேரத்தில் முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திருகவும் செய்கிறது. இந்த மூன்றும் ஒன்றாகச் சேரும் இடம் இடுப்பு முதுகெலும்பின் கடைசி இரண்டு மூன்று கணுக்கள். அங்கே ஒவ்வொரு கணுவுக்கும் பின்பக்கத்தில் பார்ஸ் என்று சொல்கிற ஒடுங்கலான எலும்புப் பாலம் ஒன்று இரண்டு பக்கமும் இருக்கும். வலது கையால் வீசுபவருக்குப் பெரும்பாலும் இடது பக்கப் பாலம்தான் போகும், ஏனென்றால் பந்தை விடும் நேரத்தில் உடம்பு அந்தப் பக்கம்தான் சாய்ந்து நசுங்குகிறது.

எலும்பு சும்மா இருக்கும் பொருள் இல்லை, சுமை ஏற ஏறத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் அது வேலை செய்யும் முறையில் ஒரு சிக்கல் உண்டு. சேதமான பகுதியை முதலில் அரித்து எடுத்துவிட்டு, அப்புறம்தான் புது எலும்பைக் கட்டும். நடுவே உள்ள சில வாரங்களில் அந்த இடம் முன்பைவிட பலவீனமாக இருக்கும், வலி குறைந்திருக்கும், ஆளுக்கு ஓடவும் வீசவும் தோன்றும். அந்த நேரத்தில் ஐந்து நாள் ஆட்டத்தில் இறங்கினால் போச்சு. இதோடு வயதும் சேர்கிறது. உயரம் நின்றுவிட்டால் எலும்பு முதிர்ந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம், முதுகெலும்பின் அடர்த்தி இருபதுகளின் நடுப்பகுதி வரை கூடிக்கொண்டே போகும். பதினெட்டு வயதில் 145 கிலோமீட்டர் வேகத்தில் வீசுபவருக்குத் தசை ஒரு ஆண்மகனுடையது, முதுகெலும்பு இன்னும் பையனுடையது. உலகம் முழுக்க இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுக்குள் முதுகு போன வேகப்பந்து வீச்சாளர்களின் வரிசை நீளமாக இருப்பதற்கு இதுதான் பெரிய காரணம்.

அதனால்தான், 2011-இல் ஆஸ்திரேலியா செய்தது தவறு என்று நான் நேராகவே சொல்வேன். அவர் திறமையை யாரும் தப்பாக எடை போடவில்லை. ஆறு விக்கெட் எடுத்த பையனை எப்படித் தப்பென்று சொல்வது? ஆனால் முதல் முதல்தர ஆட்டத்திலிருந்து ஒன்பது மாதத்துக்குள், ஷீல்டு இறுதிப் போட்டி, டி20, ஒருநாள், டெஸ்ட் என்று சுமையை ஏணியில் இரண்டிரண்டு படியாகத் தாண்ட வைத்தார்கள். முதுகைக் கெடுப்பது மொத்தச் சுமையைவிட அது திடீரென்று எகிறுவதுதான். மாதக்கணக்கில் வாரத்துக்கு நூறு பந்து வீசியவர் அடுத்த வாரம் 250 வீசினால், அதற்கு அடுத்த சில வாரங்களில்தான் விலை கொடுப்பார். அந்தந்த ஆட்டத்தில் ஒன்றும் தெரியாது.

சரி, உடைந்த பிறகு என்ன செய்தார்கள்? முதலில் பந்துவீச்சு முறையைத் திருத்தப் பார்த்தார்கள். இதற்கு அவர் போனது டென்னிஸ் லில்லியிடம். இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க முடியாது. 1973-இல் மேற்கிந்தியத் தீவுகளில் முதுகெலும்பு உடைந்து, உடம்பைச் சுற்றி வாரக்கணக்கில் பிளாஸ்டர் போட்டுக்கொண்டு படுத்திருந்து, இனி ஆட மாட்டார் என்று பலர் முடிவு கட்டிய பிறகு, இங்கிலாந்துக்கு எதிரான 1974-75 ஆஷஸ் தொடரில் திரும்பி வந்து, மொத்தம் 70 டெஸ்டில் 355 விக்கெட் எடுத்தவர். உடம்பு பக்கவாட்டில் சாய்வதைக் குறைத்து, ஓட்டத்தின் வேகம் நேராக ஆட்டக்காரரை நோக்கியே போகும்படி கம்மின்ஸின் முறையை மாற்றும் வேலை நடந்தது. இன்றைக்கு அவர் வீசுவதைப் பார்த்தால் எல்லாம் ஒரே கோட்டில் போகிறதே, அந்த ஒழுங்குக்குப் பின்னால் இந்த வேலையும் இருக்கிறது. ஆனாலும் 2015-இல் மறுபடி உடைந்ததே! முறையைத் திருத்தினால் மட்டும் போதாது என்பதற்கு அதுவே சாட்சி.

இரண்டாவதாகச் செய்ததுதான் பெரிய முடிவு என்று நினைக்கிறேன். நாலு நாள், ஐந்து நாள் ஆட்டம் வேண்டாம், நாலு ஓவர், பத்து ஓவர் ஆட்டம் மட்டும் என்று வைத்தார்கள். 2014 ஐபிஎல்லில் கொல்கத்தாவுக்கு, பிறகு ஆஸ்திரேலிய ஒருநாள் அணிக்கு, 2015 உலகக் கோப்பையை வென்ற அணியில் அவரும் உண்டு, இறுதிப் போட்டியில் மட்டும் இடம் கிடைக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் "இவர் டி20 ஆளாகிவிட்டார்" என்று தோன்றும். பல பேர் அப்படித்தான் சொன்னார்கள். டி20-இல் ஒரு நாளைக்கு 24 பந்து, டெஸ்டில் ஒரு நாளைக்கே 120 வரை போகும். வேகம் குறையாமல், ஆட்டத்தின் சூடும் ஆறாமல், எலும்புக்கு மட்டும் நேரம் கொடுக்க இதைவிட்டால் வேறு வழி இல்லை. வலைப்பயிற்சியில் வீசும் பந்து உட்பட ஒவ்வொன்றையும் எண்ணினார்கள். ஆடாத அந்த வருடங்களில் சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வணிகப் பட்டப்படிப்பையும் அவர் முடித்துக்கொண்டார். இருபது வயதில், கூட ஆடியவர்கள் எல்லாம் டெஸ்ட் ஆடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டு, பாடம் படித்துக்கொண்டிருந்த அந்த மனநிலையை நான் பல முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

2015-இல் ஒரு கதவு திறந்தது. ஆஷஸுக்கு முன்னால் ரயான் ஹாரிஸ் ஓய்வு பெற, மாற்றாகக் கம்மின்ஸ் இங்கிலாந்து போனார். டெஸ்ட் கிடைக்கவில்லை. பின்னால் வந்த ஒருநாள் தொடரில் முதுகு. இதோடு முடிந்தது என்று அப்போது நானே நினைத்தேன். இருபத்திரண்டு வயது, மூன்று முறை முதுகு, ஒரே ஒரு டெஸ்ட்.

ராஞ்சி

2016-17 கோடையில் ஒருநாள் ஆட்டங்களும் ஆஸ்திரேலியாவின் டி20 லீகான பிக் பாஷும் ஆடி முடித்தவர், 2017 மார்ச்சில் நியூ சவுத் வேல்ஸுக்காக ஒரு ஷீல்டு ஆட்டத்தில் இறங்கினார். தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு எதிராக, சிட்னியில். ஹோபார்ட் இறுதிப் போட்டிக்குப் பிறகு, அதாவது ஆறு வருடத்துக்குப் பிறகு, அவருடைய முதல் ஷீல்டு ஆட்டம். எட்டு விக்கெட் எடுத்தார். அந்த நேரம் பார்த்து, இந்தியாவில் தொடர் 1-1 என்று இருக்கும்போது, பெங்களூரு டெஸ்ட் முடிந்ததும் மிட்செல் ஸ்டார்க்கின் பாதத்தில் ஸ்ட்ரெஸ் பிராக்சர். கம்மின்ஸை விமானம் ஏற்றினார்கள்.

இதைத்தான் சூதாட்டம் என்றேன். சுமையைப் படிப்படியாக ஏற்ற வேண்டும் என்று ஐந்து வருடம் பாடம் படித்துவிட்டு, ஒரே ஒரு நீண்ட ஆட்டத்துக்குப் பிறகு நேராக இந்தியாவில் டெஸ்ட். அதுவும் ராஞ்சி ஆடுகளம். முதல் முறையாக டெஸ்ட் நடக்கும் மைதானம், மெதுவான, தாழ்வான மண். வேகப்பந்து வீசுபவருக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

இந்தியா 210 ஓவர் ஆடி 603 ரன் எடுத்த இன்னிங்ஸ் அது. புஜாரா 525 பந்து நின்று 202. அந்த மண்ணில் கம்மின்ஸ் வீசியது 39 ஓவர், 106 ரன், நாலு விக்கெட். எண்ணிக்கையை விடுங்கள், அந்த நாலையும் பாருங்கள். ராகுல் 67-இல் நன்றாக ஆடிக்கொண்டிருந்தார். பிட்சில் பாதி தூரத்தில் குத்திய பந்து, செத்த ஆடுகளத்தில் எங்கிருந்து எழும்பியது என்று தெரியாமல் அவர் முகத்துக்கு வந்தது, விலகப் பார்ப்பதற்குள் கையுறையில் உரசி விக்கெட் கீப்பர் வேடிடம் போய்விட்டது. கோலியை வெளியே போகும் பந்துக்கு மட்டையை வீச வைத்து, ஸ்லிப்பில் ஸ்மித்திடம் பிடிபட வைத்தார். ரஹானே ஒரு பவுன்சரை மேலே தூக்கிவிடப் பார்த்து வேடிடம் போனார். நம்ம ஊர் அஷ்வினுக்கும் பவுன்சர்தான், கையுறையில் பட்டதை ரிவ்யூவில் கண்டுபிடித்தார்கள். மூன்றாம் நாள் ஆட்ட முடிவில் அவர் கணக்கு 59 ரன்னுக்கு நாலு விக்கெட். இந்திய அணியின் ரசிகனாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, ஸ்கோர் ஏறிக்கொண்டே இருந்தாலும், இந்த ஆள் பந்தை வாங்கும்போது மட்டும் வயிற்றில் ஏதோ பிசைந்தது. முப்பதாவது ஓவரிலும் முதல் ஓவரின் வேகம் குறையவில்லை. ஐந்து வருடம் படுத்திருந்த முதுகா இது என்று தோன்றியது.

ஆட்டம் டிரா. சில நாள் இடைவெளியில் தர்மசாலா. அங்கேயும் ராகுலை ஒரு முழு ஸ்பெல் திணறடித்து, கடைசியில் புல் ஷாட் ஆட வைத்து வெளியேற்றினார். தொடரை இந்தியா வென்றது. ஆனால் முதுகு தாங்கியது, ஆஸ்திரேலியாவுக்கு அந்தப் பயணத்தில் கிடைத்த மிகப் பெரிய விஷயம் அதுதான் என்பேன். அவருக்கு அப்போது இருபத்து நாலு ஆகப்போகிறது. எலும்பு முதிரும் வயது.

அதற்குப் பிறகு

இதிலிருந்து வேகமாகவே சொல்லிவிடலாம், எல்லோருக்கும் தெரிந்த பகுதி. 2017-18 ஆஷஸில் ஐந்து டெஸ்டும் ஆடி 23 விக்கெட், இரண்டு பக்கமும் சேர்த்து அதுதான் அதிகம். ஸ்டார்க் 22, ஹேசில்வுட் 21, லயன் 21. இந்த நாலு பேரும் ஒரே டெஸ்ட் அணியில் முதல் முறையாகச் சேர்ந்ததே அந்தத் தொடரின் பிரிஸ்பேன் டெஸ்டில்தான். 2018 மார்ச்சில் தென்னாப்பிரிக்கா போய், அறிமுகமான அதே வாண்டரர்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தார், திரும்பி வந்ததும் முதுகு மறுபடி லேசாக முனக, அந்த வருட ஐபிஎல்லை விட்டுவிட்டு மாதக்கணக்கில் ஓய்வெடுத்தார். கவனியுங்கள், இந்த முறை உடையும்வரை காத்திருக்கவில்லை. எலும்பில் கோடு விழுவதற்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். 2011-க்கும் 2018-க்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இதில் இருக்கிறது.

அந்த ஓய்வுக்குப் பின் வந்த 2019-இல் 12 டெஸ்ட், 59 விக்கெட், உலகத் தரவரிசையில் முதலிடம், ஐசிசியின் அந்த வருடத்து சிறந்த டெஸ்ட் வீரர் விருது. ஆஷஸில் மட்டும் 29 விக்கெட். அதில் ஒரு ஓவரை மட்டும் சொல்லாமல் விட முடியாது. ஓல்டு டிராஃபோர்டு, நாலாம் நாள் மாலை, இங்கிலாந்து இரண்டாவது இன்னிங்ஸைத் தொடங்குகிறது. முதல் ஓவரிலேயே பர்ன்ஸ் பிடிபட்டார். அடுத்த பந்துக்கு ஜோ ரூட் வந்தார். வந்த முதல் பந்து, நடு ஸ்டம்பை நோக்கி வருவது போல வந்து, விழுந்த இடத்திலிருந்து கொஞ்சமே கொஞ்சம் விலகி, மட்டையின் வெளி ஓரத்தைத் தொடாமல் தாண்டி ஆஃப் ஸ்டம்பின் தலையைத் தட்டியது. ரூட் தடுக்க வைத்த மட்டை தப்பான இடத்தில் இல்லை. வேறு பத்துப் பேர் வீசியிருந்தாலும் அங்கே மட்டை இருந்தால் போதும். இந்தப் பந்துக்குப் போதவில்லை. அந்த ஒரே நீளமுள்ள இரண்டு விரலை அன்றைக்குத்தான் நான் முதலில் நினைத்தேன்.

2021 நவம்பரில் கேப்டன் டிம் பெய்ன் விலக, கம்மின்ஸ் டெஸ்ட் கேப்டன் ஆனார். 1956-இல் பம்பாயில் ஒரே ஒரு டெஸ்டுக்கு ரே லிண்ட்வால் தலைமை தாங்கியதற்குப் பிறகு ஒரு வேகப்பந்து வீச்சாளர் ஆஸ்திரேலிய டெஸ்ட் அணியை நடத்துவது அதுவே முதல் முறை. வேகப்பந்து வீசுபவரைக் கேப்டனாகப் போடத் தயங்குவதற்குக் காரணம் உண்டு, களைத்துப்போன தன்னையே தொடர்ந்து வீச வைப்பார், இல்லையென்றால் கூச்சப்பட்டுத் தன்னைக் குறைவாக வீச வைப்பார், நடுவில் காயமும் வரும். அவர் முதல் நாளே பிரிஸ்பேனின் காபா மைதானத்தில் 38 ரன்னுக்கு ஐந்து விக்கெட் எடுத்துப் பதில் சொன்னார். பிறகு 2023-இல் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப், எட்ஜ்பாஸ்டனில் லயனோடு நின்று இரண்டு விக்கெட்டில் ஜெயித்தது, அப்புறம் உலகக் கோப்பை. அந்தக் கோப்பை அவர்களுக்கு நம் சேப்பாக்கத்தில்தான் தொடங்கியது, 199 ரன்னுக்கு ஆல் அவுட் ஆகித் தோற்று. அடுத்த ஆட்டமும் தோல்வி. அங்கிருந்து அகமதாபாத் இறுதிப் போட்டி வரைக்கும் போனார்கள். அன்றைக்குக் கம்மின்ஸ் பத்து ஓவரில் 34 ரன்னுக்கு இரண்டு விக்கெட், ஒரு பவுண்டரி கூடக் கொடுக்கவில்லை. கோலியின் மட்டை உள்விளிம்பில் பட்டு ஸ்டம்பில் விழுந்தபோது தொண்ணூறாயிரம் பேர் இருந்த மைதானம் எப்படி அடங்கியது என்று நான் எழுத வேண்டியதில்லை. எனக்கு அதில் வியப்பு வேறு. ஈரமில்லாத மெதுவான ஆடுகளம், வேகத்தைக் குறைத்துக் கட்டர்களாக வீசி, பந்தைக் கொஞ்சம் முன்னாலேயே குத்தி, மட்டை வீசுபவர்களைக் கட்டிப்போட்டார். வேகம் மட்டும் வைத்திருந்த பதினெட்டு வயதுப் பையனுக்கு இது தெரிந்திருக்காது. நாலு ஓவர், பத்து ஓவர் ஆட்டங்களாகவே ஆடி ஓட்டிய அந்த வருடங்களில் கற்றுக்கொண்டதாகத்தான் இருக்க வேண்டும்.

பேட்டின்சன்

இந்த ஆய்வில் இன்னொரு பெயர் இல்லாவிட்டால் நேர்மையாக இருக்காது. கம்மின்ஸ் வாண்டரர்ஸில் ஆடிய இரண்டு வாரத்தில், 2011 டிசம்பர் 1 அன்று பிரிஸ்பேனில் ஜேம்ஸ் பேட்டின்சன் அறிமுகமானார், ஸ்டார்க்கும் அதே ஆட்டத்தில்தான். பேட்டின்சன் 27 ரன்னுக்கு ஐந்து விக்கெட் எடுத்தார். அவருக்கும் முதுகு, மறுபடி மறுபடி. அதே வாரியம், அதே மருத்துவ அறிவு, அதே காலம். கடைசியில் 2017-இல் நியூசிலாந்தில் அறுவை சிகிச்சை செய்து முதுகெலும்பில் திருகாணி போட்டுக்கொண்டார். 2019 ஆஷஸில் திரும்பினார். 21 டெஸ்ட், 81 விக்கெட்டோடு 2021-இல் சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகினார். அவரிடம் பொறுமை குறைவாக இருந்தது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே வருவேன். உடம்பு ஒத்துழைக்கவில்லை. கம்மின்ஸின் வாழ்க்கையை வெறும் மன உறுதிக் கதையாகச் சொல்லும் ஒவ்வொரு முறையும் பேட்டின்சனுக்கு அநியாயம் செய்கிறோம்.

இன்னொன்று கண்ணில் படுகிறது. 2011-இல் ஹாரிஸின் காயம், 2015-இல் ஹாரிஸின் ஓய்வு, 2017-இல் ஸ்டார்க்கின் காயம். கம்மின்ஸுக்கு டெஸ்ட் கதவு திறந்த ஒவ்வொரு முறையும் வேறொரு வேகப்பந்து வீச்சாளரின் உடம்பு உடைந்திருந்தது. இந்தத் தொழிலே அப்படித்தான்.

2025

எலும்பு முதிர்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் நம்ப ஆரம்பித்திருந்தேன். 2025 ஜூனில் லார்ட்ஸில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் 28 ரன்னுக்கு ஆறு விக்கெட், அதோடு 300-ஆவது டெஸ்ட் விக்கெட்டும், 68-ஆவது டெஸ்டில். கோப்பை கைநழுவிப் போனது, ஆனால் முப்பத்திரண்டு வயதில் அவர் உச்சத்தில் இருந்தார். அடுத்து மேற்கிந்தியத் தீவுகள் போய் வந்தார். முதுகு வலி. ஸ்கேனில் இடுப்பு முதுகெலும்பில் மறுபடியும் அழுத்தக் காயம். பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கே தொடங்கியதோ அதே பகுதி.

சொந்த மண்ணில் ஆஷஸ், அணியின் கேப்டன், அதற்கு முந்தைய மாதங்கள் பூராவும் பந்தையே தொடக் கூடாது. பெர்த் டெஸ்டும் பிரிஸ்பேன் டெஸ்டும் ஸ்மித் தலைமையில் நடக்க, அடிலெய்டில் மூன்றாவது டெஸ்டுக்கு வந்தார். இரண்டு இன்னிங்ஸிலும் மூன்று மூன்று விக்கெட், ஆட்டமும் ஆஷஸும் கையில். மெல்போர்னில் பாக்ஸிங் டே டெஸ்ட், ஆஸ்திரேலியக் கிரிக்கெட்டில் அதைவிடப் பெரிய நாள் இல்லை. கம்மின்ஸ் ஆடவில்லை. சிட்னியிலும் ஆடவில்லை. தொடர் கைக்கு வந்தாகிவிட்டது, முதுகு அதைவிட முக்கியம் என்று நிறுத்திக்கொண்டார்கள்.

பதினெட்டு வயதில் அவரிடம் யாரும் "போதும், நிறுத்து" என்று சொல்லவில்லை.